நனைந்தால் வழுக்கும் எபாக்ஸி மணல் தளம்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

குளியலறை, பாத்திரம் கழுவும் இடம், ஹோட்டல் சமையல்கட்டு, பால் குளிரூட்டும் நிலையம் என எப்போதும் ஈரமாக இருக்கும் இடங்களுக்கு எபாக்ஸி பிசினும் குவார்ட்ஸ் மணலும் சேர்ந்த தளம் இப்போது நிறையப் போடப்படுகிறது. முதலில் பிரைமர், அதாவது கான்கிரீட்டோடு ஒட்டவைக்கும் முதல் பூச்சு. அதன் மேல் ஒரு பூச்சுப் பிசின், அது இறுகும் முன் மணல் தூவல். மறுநாள் உபரி மணலைக் கூட்டி எடுத்துவிட்டு டாப் கோட், அதாவது மணலைப் பிடித்து வைக்கும் கடைசிப் பிசின் பூச்சு. சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் வழுக்காது என்று சொல்லிப் போட்ட தளம் வழுக்கினால், அதை நம்பிக் கால் வைத்தவர்தான் விழுவார். அதிலும் குளியலறையில் பெரும்பாலும் வயதானவர்கள். அதனால் இந்த வேலையில் குறை வந்தால் காரணம் தெரியாமல் மேலே இன்னொரு பூச்சு அடித்து மூடக் கூடாது. பிசினும் மணலும் கலந்து கொடுப்பவர்களுக்காகவும் அதைத் தளத்தில் போடுபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஈரத்தில் கால் ஏன் வழுக்குகிறது என்பது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. பாதம் தளத்தில் படும்போது நடுவில் ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம் மாட்டிக்கொள்கிறது. தளத்தில் துருத்தி நிற்கும் மணல் தலைகள் அந்தப் படலத்தைக் குத்திக் கிழித்துப் பாதத்தைத் தொட்டால் பிடிப்பு உண்டு. தொடாவிட்டால் கால் தண்ணீர் மேலேயே நழுவும். பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை தரும் வழிகாட்டுதலில், தண்ணீர் மட்டும் படும் தளத்துக்கு ஆர்.இஜட். என்ற சொரசொரப்பு அளவு (மேட்டின் உச்சிக்கும் பள்ளத்தின் அடிக்கும் உள்ள சராசரி உயரம்) 20 மைக்ரானுக்கு மேல் இருந்தால் வழுக்கும் வாய்ப்பு குறைவு, 10 மைக்ரானுக்குக் கீழே போனால் அதிகம். எண்ணெய் போலக் கெட்டியான திரவம் சிந்தும் இடத்தில் இதைவிட உயரமான மேடுகள் வேண்டும்.

ஆக, இந்தத் தளத்தில் பிடிப்பைத் தருவது பிசினுக்கு வெளியே தெரியும் மணல் தலை. வழுக்குகிறது என்று யார் சொன்னாலும் நான் கேட்பது மூன்றுதான்: தலை புதைந்துவிட்டதா, போய்விட்டதா, அல்லது ஏதாவது அதை மூடியிருக்கிறதா?

எதையும் தொடும் முன்

வழுக்கும் இடத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி சதுரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் காரத்தன்மையுள்ள கிளீனரைப் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கெட்டி முடி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிறகு அந்தச் சதுரத்தையும் அதன் பக்கத்தையும் நனைத்து, ஒரே செருப்பால் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். சதுரம் பிடித்து, பக்கத்து இடம் வழுக்கினால் தளத்தின் மேல் குறை இல்லை. அழுக்கும் சோப்பும்தான் காரணம், நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். சதுரமும் வழுக்கினால் ஒரு பூதக்கண்ணாடியும் டார்ச்சும் எடுத்து, வெளிச்சத்தைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மணல் தலை நிற்கும் இடமெல்லாம் நிழல் விழும். நிழலே இல்லாத இடம் சமதளமாகிவிட்ட இடம்.

வாடிக்கையாளர் எண் கேட்டால் ஊசல் சோதனைதான் நம்பகமானது. ரப்பர் துண்டு மாட்டிய கை ஒன்று ஊசல் போல வந்து நனைந்த தளத்தை உரசிப் போகும். 36-ம் அதற்கு மேலும் வந்தால் வழுக்கும் ஆபத்து குறைவு, 25 முதல் 35 வரை நடுத்தரம், 24-ம் அதற்குக் கீழும் அதிகம். வெறுங்கால் இடங்களுக்கு மென்மையான ரப்பரைப் போடச் சொல்லிக் கேளுங்கள். செருப்புக்கு உரிய கெட்டி ரப்பரில் எடுத்த எண் குளியலறைக்குப் பொருந்தாது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ‘ஆர் 11 தரம், அதனால் குளியலறைக்கு நல்லது’ என்று சொல்லி விற்கிறார்கள். ஆர் எண்கள் ஜெர்மனியின் தர நிர்ணய அமைப்பான டின் வகுத்த டின் 51130 முறையில் வந்தவை. சாய்வு மேடையில் எண்ணெய் ஊற்றி, பூட்ஸ் போட்ட ஆளை நடக்கவிட்டு எடுப்பது. ஆர் 10 என்றால் அவர் வழுக்கத் தொடங்கும் சாய்வு 10 முதல் 19 டிகிரி வரை, ஆர் 11 என்றால் 19 முதல் 27 டிகிரி வரை. வெறுங்காலுக்கு டின் 51097 என்று வேறொரு முறை இருக்கிறது. அதில் சோப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நடக்க வைத்து ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரிப்பார்கள்: 12, 18, 24 டிகிரி. ஷவர் இருக்கும் குளியலறைக்குக் கேட்க வேண்டியது பி வகை. சமையல்கட்டுக்குத்தான் ஆர் எண் பொருந்தும்.

அறிகுறி: தளம் புதிது. காய்ந்திருக்கும்போது பிடிக்கிறது, நனைந்தால் வழுக்குகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். பெரும்பாலும் மணல் தலை புதைந்திருக்கும். எப்படிப் புதைந்தது என்பதில்தான் வேறுபாடு.

முதல் சந்தேகம் டாப் கோட். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நிரப்பி சேர்க்காத எபாக்ஸி ஒரு கிலோ கிட்டத்தட்ட 0.9 லிட்டர் இடம் பிடிக்கும். அதை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் 0.9 மி.மீ. கனம். அப்படியானால் 500 கிராம் என்பது 0.45 மி.மீ. தூவிய மணல் 0.3 முதல் 0.8 மி.மீ. வரை உள்ளது என்றால், அந்த 500 கிராமில் பெரும்பகுதி மணிகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தை நிரப்புவதற்கே போய்விடும், தலைகள் மேலே நிற்கும். அதே 500 கிராமை 0.1 முதல் 0.3 மி.மீ. வரையுள்ள பொடி மணல் மேல் போட்டால் மணலே மூழ்கிவிடும். குளியலறைக்கு மெல்லிய மணல் வாங்கி, சமையல்கட்டுக்கு எழுதிய டாப் கோட் அளவையே போடும்போது இது நடக்கிறது. மணல் மாறினால் டாப் கோட்டும் மாற வேண்டும். பொருள் தாளில் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று போட்டிருந்தால், அது எந்த மணலுக்கு என்று பாருங்கள். நீங்களே பொருள் தயாரிப்பவர் என்றால் தயவுசெய்து அந்த வரியைத் தாளில் சேர்த்து எழுதுங்கள். தளம் போடுகிற பையனுக்கு வேறு வழியில் அது தெரியாது.

டாப் கோட்டை அளந்து ஊற்றினாலும், பளபளப்பாக வரட்டும் என்று இரண்டாவது தடவை ரோலர் ஓட்டுவார்கள். பளபளப்பு கூடக் கூடப் பிடிப்பு குறையும். இதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சரியான முறை: பிசினை ஸ்குவீஜியால் (ரப்பர் விளிம்புள்ள தள்ளுகோல்) இறுக்கி இழுத்துவிட்டு, குட்டை முடி ரோலரை ஒருமுறை குறுக்கே ஓட்டி, பள்ளத்தில் தேங்கியதை எடுத்துவிடுவது.

இரண்டாவது சந்தேகம், மணல் கீழே இறங்கிவிட்டது. பிசின் தண்ணியாக இருக்கும்போதே தூவினால், அதுவும் வெயில் நேரத்தில், மணல் அடிக்குப் போய் மேலே வெறும் பிசின் நிற்கும். ஓரத்தில் ஒரு சில்லை உடைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். கீழே மணல், மேலே கண்ணாடி போன்ற பிசின் என்று இரண்டு அடுக்காகத் தெரிந்தால் இதுதான். 20 டிகிரி வெப்பத்தில் பல பிசின்களுக்கு ஊற்றிய 15 நிமிடத்துக்குப் பிறகு, 30 நிமிடத்துக்குள் தூவச் சொல்வார்கள். நம் ஊர் வெயிலில் அந்த இடைவெளி இன்னும் சுருங்கும். முதலில் லேசாக ஒரு தூவல், சில நிமிடம் விட்டு, தளம் இனி வாங்காது என்கிற அளவுக்கு முழுத் தூவல். ஈரம் தெரிகிற புள்ளியே இருக்கக் கூடாது. 0.3 முதல் 0.8 மி.மீ. மணலுக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 3 முதல் 4 கிலோ வரை போகும். ‘ஒரு கிலோவிலேயே முடித்துவிட்டோம்’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அங்கே மணல் திட்டுத் திட்டாகத்தான் விழுந்திருக்கும்.

மணலைத் தளத்தை நோக்கி வீசவும் கூடாது. வீசினால் பிசின் ஒதுங்கிக் குழி விழும். கைப்பிடி மணலை மேலே எறிந்து தானாக விழ விட வேண்டும்.

மூன்றாவது, மணலே பிடிப்புத் தர முடியாத அளவுக்குப் பொடி. கடைக்காரர் மெஷ் எண்ணில்தான் பேசுவார், அது சல்லடைக் கண்ணின் அளவைச் சொல்லும் எண். எண் ஏற ஏற மணல் பொடியாகும்: 16 மெஷ் சுமார் 1.2 மி.மீ., 30 மெஷ் 0.6, 50 மெஷ் 0.3, 80 மெஷ் 0.18. ‘30–80’ என்று எழுதிய மூட்டையில் எவ்வளவு பெரியது, எவ்வளவு பொடி என்பது மூட்டைக்கு மூட்டை மாறும். 50 மெஷ் சல்லடை ஒன்று வாங்கி, ஒவ்வொரு லோடிலும் ஒரு கிலோவைச் சலித்து, மேலே நிற்பதை எடை போட்டுக் குறித்து வையுங்கள். பொருள் தயாரிப்பவர் செய்யக்கூடிய தரச் சோதனைகளில் இதைவிடச் செலவு குறைந்தது எதுவும் இல்லை.

சரிசெய்வது எப்படி? இறுகிய தளத்தில் அப்படியே மணலைத் தூவிப் பயனில்லை. 60 நம்பர் எமரி போட்ட மெஷினால் மேல் பளபளப்பு முழுவதும் போகத் தேய்த்து, வாக்கூம் போட்டு, புதிதாக மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து, முழுத் தூவல் தூவி, மறுநாள் கூட்டி எடுத்துவிட்டு, அளந்த டாப் கோட் போட வேண்டும். தேய்ப்பதோடு நிறுத்திக்கொண்டால் மினுமினுப்பு போகும், பிடிப்பு வராது. டைல்ஸுக்கு விற்கும் ‘வழுக்காத் திரவம்’ இங்கே உதவாது. அவற்றில் பல ஃபுளோரைடு சார்ந்த அமிலம் கொண்டவை. எபாக்ஸிக்குள் புதைந்த மணலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, கையில் பட்டால் எலும்பு வரை பாதிக்கும்.

அறிகுறி: மேலே வெண்மையான, பிசுபிசுப்பான படலம். மெழுகு தடவியது போல் வழுக்கல்

மணல் தலை நன்றாகத் தெரியும், ஆனால் கை வைத்தால் வழவழ என்றிருக்கும். ஹார்டனரில் (பிசினை இறுகவைக்கக் கலக்கும் இரண்டாவது பாகம்) உள்ள அமீன் என்ற வேதிப்பொருள், காற்றிலுள்ள ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் சேர்ந்து உண்டாக்கும் உப்புப் படலம் அது. தொழிலில் ‘பிளஷ்’ என்பார்கள். கடலோர ஊர்களில், அதிலும் ஐப்பசி கார்த்திகை மழையில், இது சர்வ சாதாரணம்.

விதி ஒன்றுதான்: தளத்தின் வெப்பம், பனிநிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று இருக்கும் ஒரு மழைக்கால மாலையில் பனிநிலை 25 டிகிரிக்குச் சற்று மேலே வரும். தளம் 28-க்கு மேல் இருந்தாக வேண்டும். தரைத்தளக் குளியலறையின் கான்கிரீட் அந்த நேரத்தில் அவ்வளவு சூடாக இருக்காது. எனவே அன்று வேலை வேண்டாம். காற்று 33 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் பனிநிலை 24-ஐ ஒட்டித்தான் இருக்கும், தாராளமாகப் போடலாம். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரும் தள வெப்பம் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானியும் விலை அதிகமில்லை. வானத்தைப் பார்த்து முடிவு செய்வதை விட்டு அவற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

படலம் வந்துவிட்டால் தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள், அது பரவத்தான் செய்யும். இது தண்ணீரில் கரைவது. வெதுவெதுப்பான தண்ணீரும் நார் ஸ்கிரப்பரும் போதும். அலசிக் காயவிட்டு, மேலே பூச்சு போடுவதாக இருந்தால் எமரியும் தேயுங்கள். படலத்தின் மேலேயே அடுத்த பூச்சைப் போட்டால் சில மாதத்தில் அது தோலாக உரியும்.

தயாரிப்பாளர் பக்கமும் ஒரு காரணம் உண்டு. ஹார்டனர் தேவைக்கு மேல் இருந்தால் வினையாற்றாத அமீன் மேலே வந்து இதே படலத்தைத் தரும். இரண்டும் மிச்சமில்லாமல் வினைபுரியத் தேவையான எடையைச் சமான எடை என்பார்கள். பிசினின் எபாக்ஸி சமான எடை 190, ஹார்டனரின் அமீன் ஹைட்ரஜன் சமான எடை 95 என்றால், 100 பாகம் பிசினுக்கு 50 பாகம் ஹார்டனர். பிசினைத் தண்ணியாக்க வினையாற்றும் டைலூயன்ட் (நீர்க்கச் செய்யும் திரவம்) சேர்த்தால் சமான எடை மாறிவிடும், கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். பழைய விகிதத்தையே லேபிளில் அச்சடித்து அனுப்பிவிட்டு, போட்டவரைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

அறிகுறி: நடந்தால் மணல் உதிர்கிறது

கூட்டக் கூட மணல் வருகிறது என்றால் மூன்று காரணங்களைப் பாருங்கள். ஒன்று, தாமதமாகத் தூவியது: பிசின் தோல் கட்டிய பிறகு விழுந்த மணி மேலே ஒட்டி நிற்கும், வேர் இருக்காது. இரண்டு, ஈரமான அல்லது தூசியான மணல். ஒரு பிடியை இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உருண்டையாக நிற்கக் கூடாது. ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் தண்ணீர் சேறாகக் கூடாது. சூளையில் உலர்த்திய, கழுவிய மணலே வேண்டும். மூன்று, மறுநாள் உபரி மணலைச் சரியாகக் கூட்டாமல் டாப் கோட் போட்டது.

ஓரிரு நாள் கொஞ்சம் உதிர்வது இயல்புதான். அதற்குப் பிறகும் உதிர்ந்தால், கெட்டித் துடைப்பத்தால் அழுத்திக் கூட்டி, வர வேண்டியதெல்லாம் வந்தபின் வாக்கூம் போட்டு, மெல்லிய டாப் கோட் ஒன்று. இங்கேயும் அளவு முக்கியம், உதிர்வதைத் தடுக்கப் போய்ப் புதைத்துவிடாதீர்கள்.

இந்தக் கூட்டலிலும் தேய்ப்பிலும் பறப்பது சிலிக்கா தூசி. மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு வேலை செய்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனது வலிக்கிறது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கி வரும் சிலிகோசிஸுக்கு மருந்து கிடையாது. என்-95 முகக்கவசம் கட்டாயம், முடிந்தால் மெஷினோடு வாக்கூம். ஹார்டனரைத் தொடும்போது நைட்ரைல் கையுறை. ஒருமுறை தோல் ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு வாழ்நாளுக்கும் அந்தப் பொருள் ஒத்துக்கொள்ளாது.

அறிகுறி: நடக்கும் பாதையில் மட்டும் வழவழப்பு

வாசலிலிருந்து வாஷ் பேசின் வரை, அடுப்பிலிருந்து சிங்க் வரை ஒரு தடம் மினுமினுக்கிறது, மூலைகளில் சொரசொரப்பு அப்படியே இருக்கிறது. தலை தேய்ந்துவிட்டது. குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. சுண்ணாம்புக்கல் பொடியாக இருந்தால் 3 தான். வெள்ளையாக இருப்பதெல்லாம் குவார்ட்ஸ் இல்லை. நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் நுரைக்கும், குவார்ட்ஸ் நுரைக்காது. கண்ணாடித் துண்டில் வைத்துத் தேய்த்தால் குவார்ட்ஸ் கீறும், சுண்ணாம்புக்கல் கீறாது. ஆற்று மணலைச் சலித்துப் போடுவதும் நடக்கிறது. அதில் மைக்கா தகடு இருக்கும், மணிகளும் உருண்டு மழுங்கியிருக்கும்.

தள்ளுவண்டி ஓடும் இடமென்றால் குவார்ட்ஸும் போதாமல் போகலாம். அலுமினியம் ஆக்சைடு மணலுக்கு மோஸ் 9. விலை கூடுதல்தான். தளம் முழுவதும் வேண்டாம், பாதைக்கு மட்டும் அதைத் தூவினால் கட்டுப்படியாகும்.

அறிகுறி: பாதம் சிராய்க்கிறது, மாப் துணி கிழிகிறது

சமையல்கட்டு மணலைக் குளியலறையில் போட்டால் இதுதான். வெறுங்கால் இடத்துக்கு 0.2 முதல் 0.4 மி.மீ. போதும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், சிராய்ப்பு பட்டதே அவர்களுக்குத் தெரியாது. தீர்வு: கூர்முனைகளை மட்டும் எமரியால் லேசாக இரண்டு ஓட்டு ஓட்டிவிட்டு, மெல்லிய டாப் கோட். ஓட்டிய பிறகு முதலில் சொன்ன ஈரச் சோதனையை மறுபடியும் செய்து பாருங்கள்.

இந்தத் தொல்லை வராமல் இருக்க, வேலைக்கு முன்னால் ஒரு அடி சிமெண்ட் போர்டு துண்டுகளில் மாதிரி போட்டுக் காட்டுங்கள். மணல் இரண்டு மூன்று அளவு, ஒவ்வொன்றுக்கும் டாப் கோட் இரண்டு அளவு. வீட்டுக்காரர் அதை நனைத்து, வெறுங்காலால் மிதித்துத் தேர்ந்தெடுக்கட்டும். பின்புறம் மணலின் மெஷ்ஷையும் டாப் கோட் கிராமையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு பேச்சு எழுந்தால் அந்தத் துண்டே பதில் சொல்லும்.

அறிகுறி: கொப்புளம்

உடைத்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் ஓதம், காய்ந்திருந்தால் கான்கிரீட்டிலிருந்து வந்த காற்று.

காற்றுக் கொப்புளத்துக்குக் காரணம் நேரம். காலையிலிருந்து உச்சி வரை தளம் சூடாகிக்கொண்டே போகும், துளைகளில் உள்ள காற்று விரிந்து பிசினைத் தள்ளும். பிரைமரைச் சாயங்காலம், வெப்பம் இறங்கும்போது போட்டால் அந்தக் காற்று சுருங்கிப் பிசினை உள்ளே இழுக்கும். ஆனால் பனிநிலைக் கணக்கையும் கூடவே பாருங்கள்.

ஓதம் பெரிய பிரச்சினை. 45 செ.மீ. சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டித் தளத்தில் பதித்து, 16 மணி நேரமாவது விடுங்கள். அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். டி 4263 முறை இதுதான். எடுத்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர்த்துளியோ, கான்கிரீட்டில் கருமையோ இருந்தால் சாதாரண எபாக்ஸி வேண்டாம். ஈரம் தாங்கும் பிரைமர் போட வேண்டும், அல்லது ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பிளம்பரைக் கூட்டிப் பார்க்க வேண்டும். பழைய குளியலறையில் பைப் கசிவு இருந்தால் எந்தப் பூச்சும் நிற்காது.

அறிகுறி: தட்டினால் ‘டொக்’ சத்தம், தகடாக உரிகிறது

உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். அடியில் கான்கிரீட் துகள் கெட்டியாக ஒட்டியிருந்தால் பூச்சு நல்லது, கான்கிரீட்தான் பலவீனம். வெண்மையான பொடி மட்டும் இருந்தால், கான்கிரீட்டின் மேலே மிதந்து காய்ந்த பலவீனமான சிமெண்ட் பால் அடுக்கை எடுக்காமல் போட்டிருக்கிறார்கள். அடிப்பக்கம் மழமழவென்று சுத்தமாக இருந்தால் பழைய டைல்ஸின் மேலோ எண்ணெய் ஊறிய தளத்தின் மேலோ போட்டிருக்கிறார்கள்.

வைரக்கல் கிரைண்டர் போட்டுச் சிமெண்ட் பாலையும் டைல்ஸின் கண்ணாடி மேற்பூச்சையும் முழுக்க எடுத்தாக வேண்டும், குறுக்கு வழி இல்லை. புதுக் கான்கிரீட்டுக்கு 28 நாள் வயதாவது ஆகியிருக்க வேண்டும். இழுவிசைச் சோதனையில் சதுர மி.மீ.க்கு 1.5 நியூட்டனாவது தாங்க வேண்டும். ‘டொக்’ என்று சத்தம் வரும் எல்லையைச் சாக்பீஸால் வரைந்து, அதற்கு வெளியே நான்கு விரல் தள்ளிக் கட்டர் போட்டு வெட்டி எடுங்கள். உரிந்த ஓரத்தைத் தேய்த்துச் சமன் செய்து மேலே பூசினால் அந்த ஓரத்திலிருந்தே மறுபடி கிளம்பும்.

அறிகுறி: இறுகவே இல்லை, அல்லது வாளியிலேயே கல்லாகிவிட்டது

திட்டுத் திட்டாக ஒட்டினால் கலவை சரியில்லை. வாளியின் ஓரத்திலும் அடியிலும் ஒட்டியிருந்ததை வழித்து ஊற்றியிருப்பார்கள். கலந்ததை இன்னொரு சுத்தமான வாளிக்கு மாற்றி மறுபடி கலக்குவதும், காலி வாளியை வழிக்காமல் விடுவதும் பழக்கமாக வேண்டும். முழுவதும் மென்மையாக இருந்தால் விகிதம் தவறு. ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்று நினைப்பவர்கள் உண்டு. எபாக்ஸியில் அப்படி இல்லை, கூட்டினால் மென்மைதான் மிஞ்சும். இறுகாத பகுதியைச் சுரண்டி எடுப்பது தவிர வேறு வழியில்லை.

வாளியில் சூடேறிப் புகைந்தால், கலந்த அளவு அதிகம். வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். கலந்த உடனே தளத்தில் ஊற்றிப் பரப்பிவிடுங்கள், பரந்து கிடக்கும்போது சூடு கட்டாது. சித்திரை வெயிலில் சின்னச் சின்ன அளவாகக் கலப்பதே நல்லது.

அறிகுறி: கொதிநீர் சிந்தும் இடத்தில் விரிசல், மென்மை

சாதாரண எபாக்ஸி 60 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பிக்கும். சாதம் வடித்த கஞ்சியையும் கொதிநீரையும் தரையில் ஊற்றும் சமையல்கட்டுக்கு அது தவறான பொருள். அங்கே 6 முதல் 9 மி.மீ. கனத்தில் பாலியூரித்தேன் சிமெண்ட் தளம் போடுங்கள். எபாக்ஸியைச் சரிசெய்ய முயல வேண்டாம்.

அறிகுறி: ஒரே இடத்தில் தண்ணீர் நிற்கிறது, அங்கேதான் வழுக்குகிறது

வாட்டம் இல்லை. நூறு செ.மீ.க்கு ஒரு செ.மீ. இறக்கமாவது டிரெயினை நோக்கி இருக்க வேண்டும். மணல் தூவிய தளம் தண்ணீரைக் கொஞ்சம் பிடித்து வைக்கும், எனவே குளியலறையில் ஒன்றரை செ.மீ. வைத்தால் நல்லது. இதைக் கான்கிரீட்டிலோ சிமெண்ட் மேற்பூச்சிலோ கொண்டுவர வேண்டும், பிசினால் வாட்டம் கொடுக்க முடியாது. பிரைமருக்கு முன்னால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும்.

அறிகுறி: முதலில் நன்றாக இருந்தது, சில மாதத்தில் வழுக்க ஆரம்பித்தது, தளமும் கறுத்துவிட்டது

ஒரு அடிச் சதுரத்தைக் கழுவியதும் பிடிப்பு திரும்பியிருந்தால் இந்தப் பகுதிதான் உங்களுக்கு.

சொரசொரப்பான தளத்தை மாப்பால் துடைக்க முடியாது. மாப் மணல் தலையை மட்டும் தொட்டுப் போகும், அழுக்குத் தண்ணீரைப் பள்ளத்தில் நிரப்பிவிட்டு வரும். அது காய்ந்து அடுக்கு அடுக்காக ஏறித் தலைக்குச் சமமாக வந்ததும் தளம் சமதளமாகிவிடும். குளியலறையில் சோப்பும் உடம்பு எண்ணெயும் கடின நீரின் உப்பும் சேர்ந்த படலம், சமையல்கட்டில் எண்ணெய்ப் பிசுக்கு.

சமையல்கட்டுக்குக் காரக் கிளீனர், பாட்டிலில் போட்ட அளவுக்குக் கலந்தது. அளவுக்கு மேல் ஊற்றினால் அதுவே படலமாகத் தங்கும். பத்து நிமிடம் ஊற வேண்டும், கெட்டி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், அப்புறம் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, ரப்பர் வைப்பரால் டிரெயினுக்குத் தள்ள வேண்டும். இந்த நான்கில் எது குறைந்தாலும் பிடிப்பு குறையும். பெரும்பாலும் குறைவது அலசல்தான். குளியலறையில் கடின நீர் உப்புக்கு வாரம் ஒருமுறை லேசான சிட்ரிக் அமிலக் கரைசல் போட வேண்டும். பினாயில் நாற்றத்துக்குத்தான், பிசுக்குக்கு ஆகாது. மெழுகு கலந்த, ‘பளபளப்பு தரும்’ என்று எழுதிய கிளீனர்களை இந்தத் தளத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

தளத்தை ஒப்படைக்கும்போது இதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, சுத்தம் செய்யும் அம்மாவிடமே நேரில் காட்டிக் கொடுங்கள், கெட்டி பிரஷ் ஒன்றையும் சேர்த்து. முதலாளியிடம் கொடுத்த தாள் அலமாரிக்குப் போய்விடும். ஒப்படைக்கும் அன்றே மூன்று இடங்களில் ஊசல் சோதனை செய்து, மூன்று மாதம் கழித்துப் போய் அதே இடங்களில் மறுபடி செய்து, எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கழுவிய பிறகும் பிடிப்பு ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால், மணல் தேய்கிறது என்று அர்த்தம். எண் 36-ஐ ஒட்டி வரும்போதே அடுத்த தூவலுக்கு நாள் குறித்துவிடுங்கள்.